ஸ்டார் ரன்னிங் பேக்குக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்காவின் என்.எஃப்.எல். ஃபுட்பால் லீக் அணிகள் பெட்டியைத் திறந்துகொண்டு ஆள் பிடிக்கக் கிளம்பும். அப்போது என்னிடம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளில் பாதி ரன்னிங் பேக்குகளைப் பற்றியதாகவே இருக்கும். ஒவ்வொரு வருடமும் அதையே சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் காட்டிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

ரன்னிங் பேக் என்பவர் யார்? ஆட்டமே தெரியாதவனுக்குச் சொல்லுங்கள்.

இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். குவாட்டர்பேக் பந்தைத் தூர எறிவார், இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் கையில் திணிப்பார். அதை வாங்கிக்கொண்டு, நூற்றைம்பது கிலோ ஆட்கள் மோதிக்கொண்டிருக்கும் இடுக்கில் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் எதிரணியைத் தள்ளி வழி உண்டாக்குவார்கள். அவர்களுக்கு ஆஃபென்சிவ் லைன் என்று பெயர். இந்த ஐந்து பேரை மறந்துவிடாதீர்கள், அடிக்கடி வருவார்கள்.

ஒரு சீசனில் 1000 யார்டு (கெஜம்) ஓடினால் கௌரவம். 2000 யார்டைத் தாண்டியவர்கள் லீக் வரலாற்றிலேயே ஒன்பது பேர்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கொடுக்கலாமா, கூடாதா?

பணம் கொடுக்கலாம், வருடம் கொடுக்கக் கூடாது. இரண்டு வருடம், மிஞ்சிப்போனால் மூன்று. அதுவும் முன்னால் நிற்கும் ஐந்து பேர் ஏற்கெனவே நல்லவர்களாக அமைந்த அணி மட்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் "ஒரு பைசா கொடுக்காதே" என்றிருப்பேன். சாக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக் என் வாயைப் பாதி அடைத்துவிட்டார். அவர் கதை கீழே வருகிறது.

நல்லா ஆடுகிறவனுக்கு நல்ல சம்பளம். இதில் என்ன தகராறு?

உச்சவரம்புதான் தகராறு. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் ஒரு அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கும் தொகைக்கு லீக் வரம்பு கட்டியிருக்கிறது. சாலரி கேப் என்பார்கள். 2018-இல் அது 17.72 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு இதற்குள்தான் படியளக்க வேண்டும். குவாட்டர்பேக் ஒருவரே பெரிய பங்கை அள்ளிக்கொண்டு போய்விடுவார். டாலஸின் டாக் பிரெஸ்காட் 2024-இல் போட்ட ஒப்பந்தம் வருடத்துக்குச் சராசரி 6 கோடி டாலர். மிச்சத்தில் ரன்னிங் பேக்குக்கு ஒரு கோடி கூடுதலாகக் கொடுத்தால், அந்த ஒரு கோடியை வேறு எவரோ இழக்கிறார். அந்த எவரோ யார் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

பேப்பரில் வரும் தொகை முழுவதும் ஆட்டக்காரர் கைக்குப் போகுமா?

பெரும்பாலும் போகாது. என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் "கியாரண்டி" என்று எழுதிய பகுதிதான் உறுதி. மற்றதெல்லாம், அந்த வருடம் அணியில் இருந்தால் உண்டு, நீக்கிவிட்டால் இல்லை.

அணிக்கும் ஒரு கண்ணி உண்டு. கையெழுத்துப் போடும்போது மொத்தமாகக் கொடுக்கும் போனஸை, வரவுசெலவுக் கணக்கில் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம். 2 கோடி டாலர் போனஸ் என்றால் வருடத்துக்கு 40 லட்சம். இரண்டு வருடம் கழித்து ஆளை நீக்கினால் மீதி 1.2 கோடி அணியின் தலையில் விழும். ஆள் இருக்க மாட்டார், அவருக்கான செலவு மட்டும் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இதற்கு டெட் மணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செத்த பணம். பொருத்தமான பெயர்தான்.

டாட் கர்லி, டாட் கர்லி என்கிறார்களே, அப்படி என்ன நடந்தது?

கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், இதில் எல்லாமே இருக்கிறது.

2015 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ராம்ஸ் அணி ரன்னிங் பேக் கர்லியைப் பத்தாவது ஆளாக எடுத்தது. கல்லூரியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனவர். முதல் வருடம் அமர்க்களம். இரண்டாம் வருடம், 2016-இல், 885 யார்டு, கேரிக்கு, அதாவது ஒரு ஓட்டத்துக்கு, 3.2 என்று படுத்துவிட்டார். 2017-இல் ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார். லைனின் இடது ஓரத்துக்கு ஆண்ட்ரூ விட்வொர்த், நடுவுக்கு ஜான் சல்லிவன் என்று இரண்டு பழந்தின்று கொட்டை போட்டவர்களைக் கூட்டிவந்தார்கள். அதே கர்லி 1305 யார்டு ஓடி, வருடத்தின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

அணிக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய முதல் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தபோதே, 2018 ஜூலையில் நான்கு வருட நீட்டிப்பு எழுதினார்கள். 5.75 கோடி டாலர், அதில் 4.5 கோடி கியாரண்டி. அந்த சீசனில் 17 முறை ஓடியே டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது) போட்டார். டிசம்பரில் முழங்கால் மக்கர் செய்தது. அப்போது சி.ஜே. ஆண்டர்சன் என்பவரைத் தெருவிலிருந்து கூப்பிட்டுவந்தது போலக் கூட்டிவந்தார்கள். அதே சீசனில் இரண்டு அணிகள் வேண்டாம் என்று விட்டவர். வந்த முதல் ஆட்டத்தில் 167 யார்டு, அடுத்ததில் 132! அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கர்லி பத்து முறை பந்தைத் தொட்டு ஓடி 35 யார்டு எடுத்தார். ராம்ஸ் தோற்றது.

2020 மார்ச்சில் அவரை நீக்கினார்கள். இப்போது தேதியைக் கவனியுங்கள். 2018-இல் எழுதிய நீட்டிப்பு 2020 சீசனிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த நான்கு வருடங்களில் ஒரு நாள்கூட அவர் ராம்ஸுக்கு ஆடவில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஜீவனாம்சம் கட்டிய கதை.

கர்லி ஏமாற்றினார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் முழங்காலைக் கொடுத்தார், பணம் வாங்கினார். அவசரப்பட்டது எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஒருத்தர் கதையை வைத்து முடிவு கட்டலாமா?

கூடாது. இன்னும் சிலரைப் பார்க்கலாம்.

எசக்கியல் எலியட், டாலஸ். 2016-இலும் 2018-இலும் லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர். 2019-இல் பயிற்சிக்கு வராமல் மெக்சிகோவில் போய் உட்கார்ந்துகொண்டார். செப்டம்பரில் ஆறு வருட நீட்டிப்பு, 9 கோடி டாலர், 5 கோடி கியாரண்டி. நீட்டித்த ஆறில் இரண்டு வருடம் ஆடினார், 2023 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி சீசனில் அவர் 876 யார்டு. நான்காவது சுற்றில் மலிவாக எடுத்த டோனி போலார்ட், அவரைவிடக் குறைவாகப் பந்தைத் தொட்டு 1007.

டேவிட் ஜான்சன், அரிசோனா. 2016-இல் ஓட்டமும் கேட்ச்சும் சேர்த்து 2118 யார்டு. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே மணிக்கட்டு போயிற்று. இருந்தும் 2018-இல் மூன்று வருடம், 3.9 கோடி. 2019 முடிவதற்குள் முதல் இடத்தை இன்னொருவரிடம் பறிகொடுத்துவிட்டார். ஆனால் அரிசோனாவுக்கு யோகம்: 2020-இல் ஹூஸ்டன் அந்த ஒப்பந்தத்தையும் சேர்த்து அவரை எடுத்துக்கொண்டு, டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் என்ற, எறிந்த பந்தைப் பிடிக்கும் அருமையான ரிசீவரைக் கொடுத்தது. ஹூஸ்டன்காரர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்த பாடம் கொஞ்சம் பழையது. சியாட்டில், ஷான் அலெக்சாண்டர். 2005-இல் 1880 யார்டு ஓடி லீக்கின் எம்.வி.பி., அதாவது வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். அடுத்த மார்ச்சில் எட்டு வருடம், 6.2 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்தார்கள். அதே மார்ச்சில், அவருக்கு இடது பக்கம் வழி திறந்துவிட்ட ஸ்டீவ் ஹட்சின்சனை மின்னசோட்டா தூக்கிக்கொண்டு போயிற்று. ஏழு வருடம், 4.9 கோடி. "அணியின் லைனில் இவரே அதிகச் சம்பளக்காரராக இல்லாவிட்டால் முழுத் தொகையும் கியாரண்டி" என்று ஒரு வில்லங்க வரியைச் சேர்த்திருந்தார்கள். சியாட்டிலில் வால்டர் ஜோன்ஸ் அவரைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார், அதனால் அந்தத் தொகைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஓடுகிறவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வழி போட்டவரைத் தவறவிட்டார்கள். அலெக்சாண்டர் பாதத்தில் எலும்பு முறிந்து, யார்டு 896, அடுத்த வருடம் 716 என்று தேய்ந்து 2008-இல் நீக்கப்பட்டார். ஹட்சின்சன் பின்னால், மகத்தான ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்.

அதாவது, ஓடுவது அவர் திறமை இல்லை, லைனின் திறமை என்கிறீர்களா?

முழுக்க அப்படிச் சொல்லவில்லை. பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. டென்வரைப் பாருங்கள். மைக் ஷனஹான் பயிற்சியாளராக இருந்த காலம். 1998-இல் டெரல் டேவிஸ் 2008 யார்டு. 1999-இல் அவருக்கு முழங்கால் போனது, ஓலாண்டிஸ் கேரி என்ற புதுமுகம் 1159. 2000-இல் கேரிக்கும் காயம், மைக் ஆண்டர்சன் என்ற இன்னொரு புதுமுகம் 1487. டேவிஸும் ஆண்டர்சனும் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். ஆள் மாற மாற யார்டு வந்துகொண்டே இருந்தது. 2004-இல் அதே டென்வர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளின்டன் போர்ட்டிஸைக் கொடுத்து சாம்ப் பெய்லி என்ற தற்காப்பு ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டது. கடையில் சரக்கு தீராது என்று தெரிந்தவன்தான் இப்படிப் பேரம் பேசுவான்.

டிமார்கோ மரேயையும் சொல்ல வேண்டும். 2014-இல் டாலஸ் அவரை 392 தடவை ஓடவிட்டது, 1845 யார்டு. பிறகு "பணம் வேண்டுமா, வேறு இடம் பார்" என்று விட்டுவிட்டது. ஃபிலடெல்ஃபியா ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. அங்கே 702 யார்டு, ஒரே வருடத்தில் கைமாற்றிவிட்டார்கள். டாலஸில் அவர் இடத்துக்கு வந்த டேரன் மெக்ஃபேடன், முடிந்துபோன ஆள் என்று எல்லோரும் எழுதியவர், 1089 ஓடினார்.

ஏன் இவர்கள் மட்டும் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்துபோகிறார்கள்?

குவாட்டர்பேக்கைத் தொட்டால் நடுவர் கொடி வீசுவார். ரன்னிங் பேக்கை அடிப்பதற்கென்றே எதிரில் பதினோரு பேர் நிற்கிறார்கள். ஒரு சீசனில் 300 தடவை ஓடினால், அநேகமாக 300 தடவையும் யாரோ அவரைத் தரையில் சாய்க்கிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் வாங்கியது தனி.

இந்த வேலைக்கு வேண்டியது, சட்டென்று திரும்பி வெடித்துக் கிளம்பும் கால். அந்த வேகத்தில் துளி குறைந்தாலும் இடுக்கு மூடிவிடும். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் நன்றாக இருப்பது போலத் தெரிவார், யார்டு மட்டும் வராது.

பார்க்லி உங்கள் வாயை எப்படி அடைத்தார்?

நியூயார்க் ஜயன்ட்ஸ் 2018-இல் அவரை டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுத்தது. 2020-இல் முழங்கால். 2023-இல் நீண்ட ஒப்பந்தம் தர மறுத்து ஒரு வருட டேக் (கீழே விளக்குகிறேன்) போட்டார்கள். அந்த சீசனில் 962 யார்டு, கேரிக்கு 3.9. என் கணக்குப்படி ஆள் முடிந்துவிட்டார். 2024 மார்ச்சில் பக்கத்து ஊர் ஜென்ம எதிரி ஃபிலடெல்ஃபியா மூன்று வருடம், சுமார் 3.77 கோடி டாலர் கொடுத்தது. மரேயில் சுட்டுக்கொண்ட கையையே மறுபடி நெருப்பில் வைக்கிறார்கள் என்று சிரித்தேன்.

அந்த வருடம் 2005 யார்டு. 1984-இல் எரிக் டிக்கர்சன் வைத்த 2105 சாதனைக்கு இன்னும் 101 தான் தேவை. ஆனால் கடைசி ஆட்டத்தில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள், பிளே-ஆஃபுக்குக் கால் வேண்டுமே! பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்து சூப்பர் பவுல் கோப்பை. மார்ச்சில் இரண்டு வருட நீட்டிப்பு, 4.12 கோடி. வருடத்துக்கு 2 கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர்தான்.

தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிதான். ஜயன்ட்ஸில் 3.9 எடுத்தவர் அடுத்த வருடமே 5.8 எடுத்தார் என்றால், ஆறு மாதத்தில் கால் புதிதாக முளைத்துவிடவில்லை. ஜோர்டன் மைலாட்டா, லேன் ஜான்சன் போன்ற மலைகள் முன்னால் நின்றன. 2025 சீசனில் அந்த ஓட்டமும் இல்லை. ஃபிலடெல்ஃபியா முதலில் வீட்டைக் கட்டிவிட்டு, கடைசியில் போய் நல்ல விளக்கு வாங்கி மாட்டியது. ஜயன்ட்ஸ் இருட்டு மைதானத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒப்பந்தமும் மூன்று, இரண்டு என்று சின்னச் சின்னதாகத்தான் இருந்தது என்பதையும் பாருங்கள்.

டெரிக் ஹென்றி?

அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 112 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு ஓடுகிற அதிசயம் அது. 2020-இல் டென்னசி நான்கு வருடம், 5 கோடி கொடுத்தது. அந்த வருடமே 2027 யார்டு. ஒப்பந்தம் முடியும்வரை உழைத்து, 2024-இல் பால்டிமோருக்கு இரண்டு வருடம், 1.6 கோடி என்று மலிவாகப் போய், முப்பது வயதில் 1921 ஓடினார். நீண்ட ஒப்பந்தம் பலித்ததற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்னொரு ஹென்றியைக் காட்டுங்கள், நான்கு வருடம் எழுதித் தருகிறேன்.

ஏட்ரியன் பீட்டர்சனும் இந்த ரகம்தான். 2011-இல் ஏழு வருட ஒப்பந்தம், அதே டிசம்பரில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது, அடுத்த வருடம் 2097 யார்டும் எம்.வி.பி. விருதும்.

மெக்காஃப்ரி எந்தப் பக்கத்துச் சாட்சி?

இரண்டு பக்கமும். 2020-இல் கரோலினா நான்கு வருடம், 6.4 கோடி கொடுத்தது. அந்த வருடம் மூன்று ஆட்டம், அடுத்த வருடம் ஏழு ஆட்டம் ஆடினார். வெறுத்துப்போய் 2022 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தார்கள். அங்கே 2023-இல் 1459 யார்டு ஓடி, சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது. உடனே இரண்டு வருட நீட்டிப்பு, 3.8 கோடி. அடுத்த சீசனில் நான்கு ஆட்டம்! மழை மாதிரி; பெய்தால் கொட்டும், இல்லையென்றால் இல்லை.

டேக், டேக் என்கிறார்களே, அது என்ன?

ஒப்பந்தம் முடிந்த ஒருவரை, ஏறக்குறைய அவர் இடத்தில் அதிகம் வாங்குகிற ஐந்து பேரின் சராசரியைக் கொடுத்து ஒரு வருடம் கட்டிப்போடும் உரிமை. 1993-இல் வந்தது. 2023-இல் ரன்னிங் பேக் டேக் 1.009 கோடி டாலர், குவாட்டர்பேக் டேக் 3.24 கோடி. நீண்ட ஒப்பந்தத்துக்குப் பயப்படும் அணிக்கு இது வரப்பிரசாதம்.

அப்போது ஆட்டக்காரர் பக்கம் நியாயமே இல்லையா?

அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் லீக்கில் சேர முடியாது. டிராஃப்டில் சேர்ந்தால், லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் 2011-இல் போட்ட உடன்படிக்கையில் வந்த விதிப்படி நான்கு வருடம் நிர்ணயித்த சம்பளம். முதல் சுற்றில் வந்தவர் என்றால் ஐந்தாவது வருடத்தையும் அணி எடுத்துக்கொள்ளலாம். மூன்று சீசன் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்தவும் முடியாது. அதற்கு மேல் டேக். எல்லாம் முடிந்து சந்தைக்கு வரும்போது வயது இருபத்தாறு, இருபத்தேழு. அப்போது, "உன் வயதுக்காரர்கள் தேய்ந்துவிடுவார்களே" என்கிறோம். தேய்த்தது யார்?

2023 ஜூலையில் டேக் போடப்பட்டிருந்த பார்க்லி, ஜேக்கப்ஸ், போலார்ட் மூவருக்குமே நீண்ட ஒப்பந்தம் கிடைக்காமல் கெடு முடிந்தது. அதே மாதம் ஆஸ்டின் எக்லர் முன்னின்று முக்கியமான ரன்னிங் பேக்குகள் ஜூம் வழியாகக் கூடிப் பேசினார்கள். ஜாஷ் ஜேக்கப்ஸ் அதற்கு முந்தைய சீசனில்தான் லீக்கிலேயே அதிகமாக 1653 யார்டு ஓடியிருந்தார். பேசி என்ன செய்வது? விதியை மாற்ற ஆட்டக்காரர் சங்கத்தில் பெரும்பான்மை ஒத்துக்கொள்ள வேண்டும். மற்ற இடத்துக்காரர்களுக்கு இதில் என்ன அவசரம்?

என் யோசனை: ரன்னிங் பேக்குக்கு முதல் ஒப்பந்தம் இரண்டு வருடத்தோடு முடிய வேண்டும். இருபத்துமூன்று வயதில் சந்தைக்கு வரட்டும். அப்போது கேட்கிற நான்கு வருடத்தை நானே தாராளமாக எழுதுவேன். நடக்காது, தெரியும்.

ஆட மாட்டேன் என்று உட்கார்ந்தால் அணி பணியாதா?

ஒரு காலத்தில் பணிந்தது. 1993-இல் எம்மிட் ஸ்மித் சம்பளத் தகராறில் வீட்டில் இருந்தார். டாலஸ் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றது, கூப்பிட்டு நான்கு வருடம், 1.36 கோடி கொடுத்தார்கள். அந்த சீசனில் அவர் எம்.வி.பி., அணிக்குக் கோப்பை. இன்றுவரை எல்லா ரன்னிங் பேக்கும் இந்தக் கதையைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் 2018-இல் லெவியான் பெல் அதையே பிட்ஸ்பர்கில் செய்து பார்த்தார். 1.45 கோடி டாலர் டேக்கை மறுத்து சீசன் முழுக்க ஆடவில்லை. அவர் இடத்தில் ஜேம்ஸ் கானர் ஓடி 12 டச்டவுன் போட்டார். அடுத்த வருடம் நியூயார்க் ஜெட்ஸ் பெல்லுக்கு நான்கு வருடம், 5.25 கோடி கொடுத்தது. 2020 அக்டோபரில் நீக்கிவிட்டது. விட்ட அணி, பிடித்த அணி இரண்டில் எது பிழைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

நீங்கள் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன எழுதுவீர்கள்?

முதலில் லைனைப் பார்ப்பேன். ஐந்தில் மூன்று பேராவது தேறவில்லை என்றால் பேச்சே கிடையாது, பணம் அங்கே போகும். தேறினால் இரண்டு வருடம், இரண்டுமே முழு கியாரண்டி. "நாலு வருடம், பாதி கியாரண்டி" என்ற பம்மாத்தைவிட இது இரண்டு பேருக்கும் மரியாதை. போனஸைத் தூரத் தூர வருடங்களுக்குத் தள்ளி எழுத மாட்டேன். ஒவ்வொரு டிராஃப்டிலும் நான்காம் சுற்றுக்குக் கீழே ஒரு ஓட்டக்காரரை எடுத்து வைப்பேன். 2022-இல் கன்சாஸ் சிட்டி ஐசாயா பச்சேக்கோவை ஏழாவது சுற்றில், 251-வது ஆளாக எடுத்து, அந்த சீசனிலேயே அவரை வைத்து சூப்பர் பவுல் ஜெயித்தது.

அப்புறம், முதல் ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் பாக்கி இருக்கும்போது யார் வந்து கதவைத் தட்டினாலும் காபி மட்டும் கொடுப்பேன்.

எங்கள் அணி சென்ற வாரம்தான் நான்கு வருடம் எழுதிக் கொடுத்தது. இப்போது என்ன செய்ய?

மூன்றாவது வருடத்தில் கியாரண்டி எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அது இரண்டு வருட ஒப்பந்தம்தான், தலைப்பில் மட்டும் நான்கு என்று போட்டிருக்கிறார்கள், கவலை வேண்டாம். மூன்றாவது வருடத்திலும் கியாரண்டி இருந்தால், அவர் பெயர் போட்ட ஜெர்சியை இந்த சீசனே வாங்கிவிடுங்கள்.